இருட்டாக இருக்கத் தெரிந்த துகள்: கட்டியைக் கண்டதும் ஒளிரும் நானோ பொருள்கள்

ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பைப் போட்டால் தட்டு முழுக்கச் சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டதும் நிறம் மாறுகிறது, பி.எச். 8.5-ஐ ஒட்டி அந்த மாற்றம் நடக்கும் (பி.எச். என்பது அமில-கார அளவு, அது குறையக் குறைய அமிலம் கூடும்). சுண்ணாம்பு போடாத தட்டை நாள் முழுக்க வைத்திருந்தாலும் அது மஞ்சளாகவே கிடக்கும். புற்றுநோய்க் கட்டியைத் தேடுகிறவர்களுக்கும் இப்படிப்பட்ட குணமுள்ள சாயம்தான் வேண்டும். ரத்தத்தில் ஓடும்போது அது வாய் திறக்கக் கூடாது. கட்டியின் அருகே போய், அங்கே மட்டும் மிகுந்திருக்கும் ஒன்றைச் சந்தித்த பிறகே காட்டிக்கொடுக்க வேண்டும்.

தூண்டுதல் வந்தால் மட்டும் செயல்படுவதைப் பாடநூல்கள் துலங்கல் என்கின்றன. துலங்கு என்றால் ஒளிவிடு என்றும் பொருள் உண்டு. கட்டியைக் கண்டதும் இப்படிச் செயல்படும் நானோ துகள்களுக்கு இரண்டுமே பொருந்துவதால் இங்கே 'துலங்கு துகள்' என்றே சொல்லிப் போகலாம்.

இப்போதைய ஸ்கேன்களில் நடப்பது வேறு. நெல்லையில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் எம்.ஆர்.ஐ. சீட்டில் 'ப்ளெய்ன்' அல்லது 'கான்ட்ராஸ்ட்' என்று எழுதியிருக்கும். 'மருந்து போட்டு எடுக்கணும்' என்று சொல்வது இரண்டாவதை. அந்த மருந்து பெரும்பாலும் கடோலினியம் சேர்மம். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல், 60 கிலோ எடையுள்ளவருக்கு அரை மோலார் கரைசலில் 12 மி.லி. நரம்பில் ஏறிய கணத்திலிருந்தே அது படத்தில் வெளிச்சம் போடும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதி குறைந்துவிடும். கட்டியின் ரத்தக்குழாய்கள் ஒழுகுவதால் மருந்து அங்கே கொஞ்சம் தேங்குகிறது. ஆனால் புண்ணிலும் சீழிலும் குழாய் ஒழுகத்தான் செய்யும். எங்கே நிறையத் தேங்கியது என்பதைத்தான் கடோலினியம் சொல்லும். தேங்கிய இடத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

கட்டிக்குள் நடப்பது கொஞ்சம் விசித்திரமானது. அதன் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. ஓட்டோ வார்பர்க் இதை 1920-களிலேயே கண்டு சொன்னார். ரத்தம் 7.4 பி.எச்.-இல் இருக்க, கட்டிச் செல்களைச் சுற்றியுள்ள திரவம் 6.5 முதல் 6.9 வரை இறங்குகிறது. அண்டைத் திசுவை அரித்துப் பரவுவதற்காக எம்.எம்.பி. 2, எம்.எம்.பி. 9, கதெப்சின் போன்ற புரதம் வெட்டும் என்சைம்களைக் கட்டி வெளியே விடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு கூடுகிறது, ஆக்சிஜன் குறைகிறது. குளுட்டாதியோன் என்ற கந்தகச் சேர்மம் ரத்தத்தில் சில மைக்ரோமோலார்தான். செல்லுக்குள் 1 முதல் 10 மில்லிமோலார். இவற்றில் ஏதாவது ஒன்றைப் பூட்டின் சாவியாக வைத்துத்தான் துலங்கு துகள்களைக் கட்டுகிறார்கள்.

ஏன் இவ்வளவு சிரமம்? துகளை நேரே கட்டிக்கு அனுப்பிவிடலாமே என்று தோன்றும். கட்டியின் ஒழுகும் குழாய் வழியே பெரிய மூலக்கூறுகள் புகுந்து அங்கேயே தங்கும் என்று மட்சுமுராவும் மயேதாவும் 1986-இல் காட்டியபின் அந்த நம்பிக்கை வெகுகாலம் நிலவியது. பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கணக்கு அந்த நம்பிக்கையை உலுக்கியது. ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டியைச் சேர்வது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதம். ஆயிரத்துக்கு ஏழு. 20 கிராம் எலியில் 0.2 கிராம் கட்டி என்று வைத்துக்கொண்டால், கட்டியே உடலில் 1 சதவீதம். 1 சதவீத எடையுள்ள இடத்துக்கு 0.7 சதவீதத் துகள் வந்தால், அது உடல் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் கிடைக்கும் பங்கைவிடக் குறைவு! எப்போதும் ஒளிரும் துகளாக இருந்தால் கட்டி தனித்துத் தெரிய வழியில்லை. மீதி 99 சதவீதத்தையும் இருட்டில் வைத்தால்தான் அந்த ஏழு கண்ணில் படும். இந்தத் துறையில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அந்த இருட்டில்தான் தீர்மானமாகின்றன.

பால் திரிவதும் மிசெல் கரைவதும்

பாலே ஒரு நானோ கரைசல்தான். அதில் கேசீன் புரதம் 100 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாக மிதக்கிறது (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). இவற்றுக்கு மிசெல் என்று பெயர். எலுமிச்சையைப் பிழிந்தால் பி.எச். 6.7-இலிருந்து இறங்கும். ரொம்ப நேரம் ஒன்றும் தெரியாது, 4.6-ஐ நெருங்கும்போது சட்டென்று திரியும். இறங்கும் வேகத்துக்கும் திரியும் வேகத்துக்கும் ஒப்பே இல்லை. துலங்கு துகளுக்கு அடிப்படை இந்தத் 'திடீர்'தான்.

டல்லஸ் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழக சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தின் ஜின்மிங் காவோ குழு செய்த பாலிமர் மிசெல் பாலுக்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது: அமிலம் பட்டால் கரைகிறது. பாலிமர்ச் சங்கிலியின் ஒரு பாதி தண்ணீரை விரும்பும் பெக், அதாவது பாலிஎத்திலீன் கிளைக்கால். மறுபாதியில் அமீன் தொகுதிகளும் இண்டோசயனைன் கிரீன் என்ற சாயமும் தொங்குகின்றன. ரத்தத்தின் 7.4-இல் அமீன்களுக்கு மின்னூட்டம் இல்லை. தண்ணீருக்குப் பயந்து அவை உள்ளே சுருண்டு உருண்டையாகின்றன. சாய மூலக்கூறுகளும் நெருக்கியடித்து உட்காருகின்றன. அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றின் ஒளியை அடுத்தது விழுங்கிவிடும், துகள் இருட்டு. பி.எச். 6.9-க்குக் கீழே போனால் அமீன்கள் புரோட்டானைப் பிடித்து நேர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். முதல் சில அமீன்கள் மாறியதும் உருண்டை தளர்ந்து, மற்றவை மாறுவது இன்னும் எளிதாகிவிடும். ஆகவே 0.2, 0.3 பி.எச். இடைவெளிக்குள் மொத்த உருண்டையும் கலைந்து சாயம் ஒளிர்கிறது.

சாதாரணச் சாயத்தால் இதைச் செய்ய முடியாது என்பதற்கு ஒரு கணக்கு. பி.எச். 6.9-இல் பாதி மாறும் சாயம் ஒன்று இருக்கிறது. ரத்தத்தின் 7.4-இல் அதில் 24 சதவீதம் ஏற்கெனவே 'ஆன்' ஆகியிருக்கும். கட்டியின் 6.8-இல் 56 சதவீதம். வித்தியாசம் வெறும் 2.3 மடங்கு, கண்ணுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். மூலக்கூறு ஒன்றொன்றாக முடிவெடுக்கிறது, மிசெல் கூட்டாக முடிவெடுக்கிறது. நானோ அளவு இங்கே தேவைப்படுவது அந்தக் கூட்டு முடிவுக்காகத்தான்.

பெக்சிடசயனைன் என்று பெயரிடப்பட்ட இந்த மிசெல், நெதர்லாந்தின் குரோனிங்கனில் தலை-கழுத்து, மார்பகம், உணவுக்குழாய், பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கு அறுவைக்குச் சுமார் ஒரு நாள் முன்பு ஊசியாகப் போட்டுப் பார்க்கப்பட்டது. முடிவு 2020-இல் வெளியானது.

தங்கத் துகளும் அது கெடும் இடங்களும்

என்சைமைச் சாவியாகக் கொண்ட வகை இன்னும் பழையது. பாஸ்டனில் வைஸ்லெடர் குழு 1999-இல் எலியின் கட்டியில் என்சைம் வெட்டியதும் ஒளிரும் பாலிமரைக் காட்டியது. அதே தத்துவத்தைத் தங்கத் துகளில் செய்வது எளிது. அபிஷேகப்பட்டியிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு முதுநிலை வேதியியல் ஆய்வகத்தில் குடுவை அளவில் செய்து பார்க்கலாம். எங்கெங்கே கெடும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

தங்கம் செய்யும் முறை 1951-இலிருந்து இருப்பது. அளவை ஃப்ரென்ஸ் 1973-இல் ஒழுங்குபடுத்தினார். 0.01 சதவீத குளோரோஆரிக் அமிலக் கரைசல் 50 மி.லி.-ஐக் கொதிக்க வைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் 1 மி.லி.-ஐ ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். சற்று நேரத்தில் நீலம் கலந்த சாம்பல் தெரியும். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் ஒயின் சிவப்பு. துகள் 16 நானோமீட்டர் வாக்கில் இருக்கும். சிட்ரேட்டை 0.5 மி.லி. ஆகக் குறைத்தால் 41 நானோமீட்டர். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் சிறிதும் பெரிதும் கலந்து வரும். குடுவையை ராஜதிராவகத்தால், அதாவது மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக் அமிலத்தால் புகைக்கூண்டுக்குள் வைத்துக் கழுவியாக வேண்டும். மிச்சத்தை மூடிபோட்ட பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். தண்ணீர் அயனி நீக்கியதாக இருக்க வேண்டும். போர் தண்ணீரும் ஆகாது, தாமிரபரணித் தண்ணீரும் ஆகாது. துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்பது சிட்ரேட்டின் எதிர்மின்னூட்டத்தால்தான். உப்பு வந்தால் அந்த விலக்கம் மறைந்து, துகள்கள் ஒட்டி, சிவப்பு நீலமாகிவிடும். நீலமான கரைசலைத் திருப்ப முடியாது. கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது பெப்டைடு. எம்.எம்.பி. 2 வெட்டக்கூடிய ஆறேழு அமினோ அமில வரிசை. ஒரு முனையில் தங்கத்தைப் பிடிக்கும் சிஸ்டீன், மறு முனையில் சயனைன் 5.5 சாயம். பெப்டைடு இரண்டு மூன்று நானோமீட்டர் நீளமே ஆகையால் சாயம் தங்கத்துக்கு மிக அருகில் நிற்கும். அதன் ஒளியைத் தங்கம் உறிஞ்சிவிடும். என்சைம் இந்தப் பெப்டைடுக் கயிற்றை வெட்டியதும் சாயம் விலகி ஒளிரும். இந்த இருட்டு நிற்பதும் போவதும் தூரத்தின் பெரிய அடுக்கைப் பொறுத்தது. ஆகவே கயிற்றில் நாலைந்து அமினோ அமிலம் கூடினால்கூட வித்தியாசம் தெரியும்.

சாயத்தை நாமே பெப்டைடில் ஒட்டுவதானால் ஒரு எச்சரிக்கை. மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த சாயக் குப்பியை உடனே திறக்கக் கூடாது. நெல்லைச் சித்திரை வெயிலில் குளிர்ந்த குப்பிக்குள் ஈரம் வேர்த்துவிடும். சாயத்தின் ஒட்டும் தொகுதி தண்ணீரில் கெட்டு, நிறம் மட்டும் மிஞ்சும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் தொட வேண்டும்.

பெப்டைடைப் போட்டபின் சோடியம் குளோரைடைச் சிறுகச் சிறுகச் சேர்த்து 0.1 மோலார் வரை ஏற்றினால், துகளின் மேல் பெப்டைடு நெருக்கமாகப் படியும். அவசரப்பட்டு ஒரே தடவையில் ஊற்றினால் பழைய நீலம்தான். பிறகு மையவிலக்கில் சுழற்றி, மேல்நீரை ஊற்றி, மறுபடி கரைக்க வேண்டும். பல ஆய்வுகள் இந்தக் கழுவலில்தான் கெட்டுப்போகின்றன. துகள் 98 சதவீத ஒளியை அடக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்ச வெளிச்சம் 2. முழுதாக வெட்டினால் 100. அதாவது 50 மடங்கு. ஒட்டாத சாயம் வெறும் 2 சதவீதம் கரைசலில் கிடந்தால் இருட்டின் அளவு 4 ஆகி, மடங்கு பாதியாக, 25-க்கு இறங்கிவிடும். மேல்நீரில் ஒளிர்வு தெரியாத வரை கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று தடவை கழுவினோம் என்று நோட்டில் எழுதுவதைவிட, மூன்றாவது மேல்நீர் எவ்வளவு ஒளிர்ந்தது என்று எழுதுவது உருப்படியான பதிவு.

என்சைமைப் போட்டும் ஒளிரவில்லை என்றால் துகளைச் சந்தேகிக்கும் முன் பஃபரை, அதாவது பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசலைப் பாருங்கள். எம்.எம்.பி.-க்கு உள்ளே துத்தநாகமும் வெளியே கால்சியமும் வேண்டும். பழக்கதோஷத்தில் இ.டி.டி.ஏ. கலந்த பஃபரை எடுத்தால் அது இரண்டையும் கவ்வி என்சைமைக் கொன்றுவிடும். பாஸ்பேட் பஃபரில் கால்சியம் படிந்துவிடும். டிரிஸ் 50 மில்லிமோலார், பி.எச். 7.5, சோடியம் குளோரைடு 150, கால்சியம் குளோரைடு 10 மில்லிமோலார் என்பது பாதுகாப்பான கலவை. வாங்கிய என்சைம் 'புரோ' நிலையில், அதாவது இன்னும் செயல்படாத முன்வடிவில் வந்திருந்தால் அதைக் கரிமப் பாதரசச் சேர்மம் கொண்டு முதலில் முடுக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு ஊற்றினாலும் வெட்டாது.

ஒளிர்ந்துவிட்டால் அதையும் நம்பிவிடக் கூடாது. குளுட்டாதியோனின் கந்தகம் தங்கத்தின் மேலிருக்கும் சிஸ்டீனைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். கயிறு வெட்டுப்படாமலே கழன்று சாயம் ஒளிரும். பார்க்கிறவர் என்சைம் என்று எண்ணிக்கொள்வார். ஆகவே அதே துகளை 5 மில்லிமோலார் குளுட்டாதியோனிலும், 50 சதவீத சீரத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரமும் என்சைம் இல்லாமல் வைத்துப் பார்த்தாக வேண்டும். வரிசை மாற்றிய பெப்டைடு ஒன்றும் என்சைம் தடுப்பான் ஒன்றும் பக்கத்துக் குழாய்களில் இருக்க வேண்டும். கழன்றுபோவது உறுதியானால், ஒற்றைக் கந்தகத்துக்குப் பதில் லிப்போயிக் அமிலம் போல் இரட்டைக் கந்தகப் பிடி வைக்கலாம். பெக் போர்வையைத் தடிமனாக்கினால் ரத்தத்தில் நிலைக்கும். ஆனால் என்சைமும் கயிற்றை எட்டாது. இந்த இழுபறிக்குப் பொதுத் தீர்வு எதுவும் கிடையாது.

இரும்பும் மாங்கனீசும்

ஒளி உடலுக்குள் ஒரு சென்டிமீட்டர் போவதே பெரும்பாடு. ஆழத்தில் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். அங்கே மாங்கனீசு டை ஆக்சைடு துகள் நல்ல வேட்பாளர்: திடமாக இருக்கும்போது படத்தில் தெரியாது, அமிலமும் பெராக்சைடும், அல்லது குளுட்டாதியோனும் பட்டால் கரைந்து மாங்கனீசு அயனியாகி வெளிச்சம் தரும். தொல்லை என்னவென்றால், எம்.ஆர்.ஐ.-க்கு மைக்ரோமோலார் கணக்கில் உலோகம் வேண்டும். பெட் ஸ்கேனுக்குப் பிக்கோமோலார் போதும். நிறைய ஏற்ற வேண்டியிருப்பதால் மாங்கனீசின் நரம்பு நஞ்சு குறுக்கே நிற்கிறது.

இரும்பின் கதை சுவையானது. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலைச் சிவப்பாக்குவதும் இரும்பு ஆக்சைடுதான், அது ஹேமடைட். ஸ்கேனுக்குப் பயன்படுவது காந்தத்தன்மை உள்ள மேக்னடைட் வகை. இரண்டு பங்கு ஃபெர்ரிக், ஒரு பங்கு ஃபெர்ரஸ் உப்பை நைட்ரஜன் ஓட்டத்தில் அம்மோனியா விட்டு வீழ்படிவாக்கினால் கறுப்பாக வரும். ஆக்சிஜன் புகுந்தால் பழுப்பாகிவிடும்.

டெக்ஸ்ட்ரான் போர்த்திய இரும்புத் துகளை ஊசி போட்டால் நல்ல நிணநீர்க் கணுக்களின் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கும். அந்தக் கணு எம்.ஆர்.ஐ.-யில் கறுத்துவிடும். புற்றுநோய் குடியேறிய இடத்தில் விழுங்க ஆளில்லை. அது வெளுப்பாகவே நிற்கும். புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 80 பேரிடம், கிலோவுக்கு 2.6 மி.கி. இரும்பு ஏற்றி, ஒரு நாள் கழித்துப் படமெடுத்து, 2003-இல் இதைக் காட்டினார்கள். நலமான இடத்தைக் கறுக்க வைத்து நோயை வெளியே நிறுத்தும் இந்தத் தந்திரம், கட்டிக்குள் துகளைத் திணிக்கப் பாடுபடும் பல புதிய வடிவங்களைவிடக் கெட்டிக்காரத்தனமானது.

உடலுக்குள் போனபின்

கட்டியை எட்டாத துகளில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிக்கும். ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் சிறுநீரகம் வடித்து அனுப்பும் என்று 2007-இல் குவாண்டம் புள்ளிகள் என்ற மிகச் சிறிய ஒளிரும் படிகங்களை வைத்துக் காட்டினார்கள். கல்லீரல் மேக்ரோஃபேஜ் விழுங்கிய துகள் செல்லுக்குள் 4.5, 5 என்ற பி.எச்.-இல் கிடக்கும். அமிலத்தில் ஒளிரும் துகள் அங்கே கட்டாயம் ஒளிரும், கட்டியின் 6.8-ஐவிட அது எவ்வளவோ புளிப்பு. அதனால் கல்லீரலுக்குப் பரவிய புற்றைத் தேட இந்த வகை உதவாது.

இரண்டாவது சிக்கல், வீக்கம். காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி, ஆறாத புண் எல்லாவற்றிலும் அமிலம் உண்டு, பெராக்சைடு உண்டு, எம்.எம்.பி.-யும் உண்டு. சர்க்கரையைத் தேடும் பெட் ஸ்கேனே காசநோயைப் புற்று என்று காட்டிவிடுவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இந்தப் பொய்த் துலங்கல் வெளிநாட்டு ஆய்வைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஒன்றுக்குப் பதில் இரண்டு சாவி, அதாவது அமிலமும் என்சைமும் சேர்ந்தால் மட்டும் திறக்கும் பூட்டு, இதைக் கொஞ்சம் குறைக்கும். இரண்டு சாவியும் வீக்கத்திலேயே இருந்தால் அதுவும் பயன்படாது.

ரத்தத்தில் நுழைந்த சில நிமிடங்களில் புரதங்கள் துகளின் மேல் ஆடை போல் படிந்து, ஆய்வகத்தில் அளந்த குணங்களை மூடிவிடும். பெக்கை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் சிலருக்கு ஏற்கெனவே உடம்பில் இருக்கும்.

இங்கே பாளையங்கோட்டை வட்டாரத்தில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியையும் தொட்டுவிடலாம். 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் இது, இரும்பிலிருந்து செய்யும் சித்த மருந்தைக் காட்டி 'அயச்செந்தூரமும் நானோதானே?' என்று கேட்பார்கள். விரல் ரேகைக்குள் புகும்படி அரைபட்டிருக்க வேண்டும் என்பது பழைய பதச் சோதனை. நுணுக்கத்துக்கு அது நல்ல சோதனை. துகளின் ஒரு பகுதி நானோ அளவில் இருக்கவும் கூடும். ஆனால் அளவு சிறிதாக இருப்பதும், ஒரு குறிப்பிட்ட தூண்டுதலுக்கு மட்டும் திறப்பதும் வேறு வேறு. செந்தூரத்தில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. ஸ்கேன் பேச்சில் அதை இழுக்க வேண்டியதில்லை.

தியேட்டரில்

இத்தனையும் பார்த்தால், துலங்கு துகள் முதலில் பயன்படப்போவது அறுவை அரங்கில்தான், உடல் முழுவதையும் சல்லடை போடும் ஸ்கேனில் அல்ல. வயிற்றைத் திறந்தபின், வாயைத் திறந்தபின், ஒளி ஒரு சென்டிமீட்டர் போனால் போதுமே. வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வரும் வாய்ப்புற்று இதற்குப் பொருத்தமான இடம். வெட்டியெடுத்த திசுவின் ஓரத்துக்கும் புற்றுக்கும் நடுவே 5 மி.மீ. நல்ல திசு இருந்தால் நிம்மதி, 1 மி.மீ.-க்குள் என்றால் புற்று ஓரத்தைத் தொட்டதாகவே கணக்கு. ஓரம் சரியா என்று உறைவெட்டுப் பரிசோதனைக்கு (திசுவை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்ப்பது) அனுப்பினால் இருபது முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அதுவும் அனுப்பிய துண்டைப் பற்றித்தான் பதில் வரும். எங்கிருந்து துண்டு எடுப்பது என்று காட்டுவதுதான் ஒளியின் வேலை. நெல்லை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ, 150 கி.மீ. தள்ளித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்திலோ செய்யும் அறுவைக்கு இப்படி ஒரு கேமரா வந்தாலும் உறைவெட்டு நிற்கப்போவதில்லை.

எதிர்பார்ப்பை அளவாக வைக்க ஒரு உண்மைக் கணக்கு உண்டு. கதெப்சின் வெட்டினால் ஒளிரும் பெகுலிசியானைன் 2024 ஏப்ரலில் மார்பக அறுவைக்காக அமெரிக்க அனுமதி பெற்றது. கறாராகச் சொன்னால் அது துகள் அல்ல, பெக் கோத்த மூலக்கூறு. பூட்டு-சாவித் தத்துவம் மட்டும் அதேதான். கிலோவுக்கு 1 மி.கி., அறுவைக்கு 2 முதல் 6 மணி நேரம் முன்பு. படம் வாரியாகப் பார்த்தால் புற்று இருந்த இடங்களில் 49 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. புற்றில்லாத இடத்தை இல்லை என்று சொன்னது 86 சதவீதம். மருந்து பெற்ற 726 பேரில் 10 பேருக்கு ஒவ்வாமை. ஒளிரவில்லை என்பதால் புற்று இல்லை என்று காயத்தை மூடுவதற்கான கருவி இது அல்ல. ஒளிர்ந்த இடத்தை இன்னொரு முறை பார்ப்பதற்கான கருவி.

அரங்கில் கவனிக்க வேண்டியவை சில்லறை விஷயங்கள் போலத் தெரியும். படமெடுக்கும்போது மேல் விளக்கை அணைக்க வேண்டும்; அதன் அகச்சிவப்புக் கசிவே கேமராவை நிரப்பிவிடும். ரத்தம் தேங்கியிருந்தால் ஒளியை ஹீமோகுளோபின் குடித்துவிடும். கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். எரித்து அறுத்த ஓரத்தின் ஒளிர்வை அப்படியே நம்பக் கூடாது. ஊசி போட்ட மணியும் அளவும் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். மிகச் சீக்கிரம் பார்த்தால் ரத்தமே ஒளிரும், பிந்திப் பார்த்தால் கட்டியிலிருந்தும் சாயம் போயிருக்கும். பெகுலிசியானைன் போட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீர் நீலமாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் ராத்திரி வார்டில் கலவரம்தான். இரும்புத் துகள் ஏற்றியவராக இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் அதையும் எழுதியாக வேண்டும். ரத்தசோகைக்குக் கொடுக்கும் ஃபெருமாக்ஸிடால்கூட மூன்று மாதம் வரை எம்.ஆர்.ஐ. படத்தை மாற்றும். அது தெரியாமல் வேறு ஊரில் படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் கறுத்த கல்லீரலைக் கண்டு புதிதாக ஒரு நோயைத் தேட ஆரம்பித்துவிடுவார்.